வட்டக் கூடத்தில் எண்பத்தாறு மேசைகள்

நீங்கள் அச்சடித்துக் கொண்டுவந்து காட்டிய விளம்பரத் தாளை இரண்டு முறை படித்தேன். 'ஜியோடெசிக் குவிமாடக் கட்டடத்தின் ஒன்பது நன்மைகள்' என்று தலைப்பு. எண்ணிப் பார்த்தால் எட்டுதான். மூன்றாவது 'தூண்கள் கிடையாது'. ஏழாவது 'உள்ளே தடையற்ற இடம்'. தூண் இல்லாவிட்டால் தடை இருக்காது. இரண்டும் ஒன்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது ஒருவர் எண்ணியிருக்கலாம்.

மற்றவை உண்மைதான். குறைந்த இரும்பில் நிறைய இடத்தை மூடலாம். காற்று உருண்டையில் மோதி வழுக்கிப் போய்விடும். பிரித்து லாரியில் ஏற்றி வேறு ஊரில் மறுபடி நிறுத்தலாம். அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்ட வேண்டாம். உச்சியில் திறப்பு வைத்தால் சூடான காற்று தானே மேலே போய்விடும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் கட்டடத்துக்குள் உட்காரப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அறுபதுகளின் நடுவில், கன்னட நாட்டுத் தலைநகரில், ஆஸ்டின் டவுன் பகுதியில் நாங்கள் நிறுத்திய ஒரு கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கணக்குப் போடும் முறையை உங்கள் புத்தகங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். இது வேறு.

அங்கே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பழைய கூடத்தின் உத்தரங்களைக் கரையான் தின்றுவிட்டதால், கூரை ஆபத்தானது என்று சொல்லிப் பூட்டிவிட்டார்கள். கூடம் இல்லாவிட்டால் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை மையம் இருக்க முடியாது. முந்தைய வருடம் அந்தப் பெண்களைப் பேட்டைப் பக்கத்தில், மார்க்கெட்டைத் தாண்டி இருந்த ஒரு மையத்துக்கு அனுப்பினார்கள். பதினொரு பேர் பரீட்சைக்கே போகவில்லை. வயது வந்த பெண்ணை அவ்வளவு தூரம், அந்தக் கூட்டத்துக்குள் தனியாக அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரின் படிப்பும் அதோடு நின்றது.

தலைமை ஆசிரியை கிரேஸ் டீச்சர், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். எங்கள் கட்டடப் பொறியியல் அலுவலகத்துக்கு வந்து பேசியபோது அந்தப் பதினொரு பெயர்களையும் மனப்பாடமாகச் சொன்னார். இந்த வருடம் எண்பத்தாறு பேர் எழுத வேண்டும், மையம் மறுபடி போனால் எத்தனை பேர் படிப்பை விட்டு நின்றுவிடுவார்கள் என்று தெரியாது என்றார். புதிதாகச் சுவர் எழுப்பிக் கூரை போட நேரம் இல்லை. எங்கள் கிடங்கில், குழாய்களை முக்கோணங்களாகக் கோத்து ஒரு கண்காட்சிக்காகச் செய்து, பிரித்து வைத்த குவிமாடம் ஒன்று கிடந்தது. ஐம்பது அடி விட்டம். மூன்று அளவுகளில் நூற்று அறுபத்தைந்து குழாய்கள், அவை கூடும் அறுபத்தொரு முடிச்சுகள், நூற்று ஐந்து முக்கோணங்கள். கண்காட்சியில் அதன் மேல் கித்தான் போர்த்தியிருந்தோம். பள்ளிக்காக அலுமினியத் தகடு போடுவது என்று முடிவாயிற்று.

வேலை நன்றாகவே நடந்தது. முனுசாமி மேஸ்திரி ஜீவனஹள்ளியிலிருந்து தன் ஆட்களோடு வந்தார். சாரம் கட்டாமல், கீழ் வளையத்திலிருந்து ஒவ்வொரு வளையமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். முடிந்ததும் முடிச்சுகளில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தோம். எங்கும் தொய்யவில்லை. தண்ணீர் பீய்ச்சி ஒழுக்கு பார்த்தோம். போல்ட்டுகளை நான் இரண்டு முறை எண்ணினேன். எங்கள் பிரிவின் தலைவர், அவரை எல்லோரும் சீஃப் என்றே கூப்பிடுவோம், கையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

நாங்கள் செய்யாத சோதனை ஒன்று இருந்தது. அந்தக் கூடத்துக்குள் யாரும் ஒரு நிமிடம்கூடச் சத்தமில்லாமல் இருக்கவில்லை. ஸ்பேனர், சுத்தியல், தகடு, மேலே இருப்பவனை நோக்கி மேஸ்திரி போடும் கூச்சல். வேலை நடக்கும் இடத்தில் கிசுகிசுப்பவர் எவரும் இல்லை. கட்டுகிறவர்கள் சத்தத்தில் இருந்தார்கள், உட்காரப் போகிறவர்களோ மௌனமாக இருக்க வேண்டியவர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பரீட்சை அதிகாரி பார்வையிட வந்தார். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதிக்குப் பாதி கலந்து வரும். மேற்குச் சுவரோரம் குனிந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே, கிழக்கு ஓரத்தில், ஐம்பது அடிக்கு அப்பால் கிரேஸ் டீச்சரும் தமிழாசிரியையும் நின்றிருந்தார்கள். நான் அவர்கள் பக்கத்தில் இருந்தேன். டீச்சர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு தமிழாசிரியையிடம் மெல்லச் சொன்னார்:

"பாரு, டேப்பை எடுத்துட்டாரு. குறை ஒண்ணு கண்டுபிடிக்காம வீட்டுக்குப் போனா இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது."

அதிகாரி நிமிரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ஊட்டா எல்லாம் செனாகே, நல்லாவே இறங்குது அம்மா. குறை இருந்தா சொல்றது என் கெலசா, என் வேலை."

அந்தக் குரல் ஐம்பது அடி கடந்து எங்கள் காதோரம் வந்து பேசியது. தமிழாசிரியை திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தார். கிரேஸ் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

அதிகாரிக்குக் கோபம் இல்லை. அவர் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, தன்னோடு வந்த குமாஸ்தாவை ஓர் ஓரத்தில் நிறுத்தி ஏதோ முணுமுணுக்கச் சொன்னார். தான் எதிர் ஓரத்துக்குப் போய் நின்றார். நாலு இடங்களில் இப்படிப் பார்த்துவிட்டு நேராக டீச்சரிடம் வந்தார்.

"நீங்க என்னைத் திட்டினது தொந்தரவே இல்ல. நாளைக்கு ஒரு ஹுடுகி, ஒரு பொண்ணு, அங்க உக்காந்து ஆன்சர் சொன்னா, இங்க இருக்கறவ எழுதிடுவா. யார் சொன்னான்னு நமக்குத் தெரியாது. இப்படி இருந்தா நான் மையம் தர முடியாது."

"சார், பொண்ணுங்க..."

"தெரியும் அம்மா. வியாழக்கிழமை காலையில மறுபடி வர்றேன். அப்பவும் இப்படித்தான்னா, பேட்டைக்கு எழுதிடுவேன்."

அவர் போனதும் முனுசாமி மேஸ்திரி முதலில் வாயைத் திறந்தார். "இதுக்கு இன்னா சார் பேஜாரு? வியாழக்கிழமை அந்தாளு வரச்சே வெளியே ரெண்டு பேரை வச்சுத் தகடு தட்டச் சொல்றேன். சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பாரு."

"பரீட்சை நடக்கறப்பவும் தட்டுவியா?" என்றார் சீஃப்.



நான் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைக்கலாம் என்றேன். வேறொருவர் உள்பக்கம் முழுக்கத் துணி தைத்துத் தொங்கவிடலாம் என்றார். சீஃப் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு வெளியே நிலைகொள்ளவில்லை. வியாழக்கிழமைக்கு இருந்த நேரத்தில் அரை மணி என்பது சின்ன விஷயமல்ல. அவர் மட்டும் அவசரப்பட்டிருந்தால் எங்கள் எல்லோருடைய யோசனைகளையும் ஒரே நாளில் செய்து முடித்திருப்போம், ஒன்றும் பயன்பட்டிருக்காது. துணி உச்சித் திறப்பை அடைத்திருக்கும். ஏப்ரல் வெயிலில் தகட்டுக்கு அடியில் எண்பத்தாறு பெண்கள் வெந்திருப்பார்கள். தடுப்புச் சுவரோ கிசுகிசுப்பை ஒரு பாதிக்குள்ளேயே சுற்றவிட்டிருக்கும்.

பிறகு சீஃப் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினார். தான் எதிர் ஓரத்துக்குப் போனார்.

"மெல்லப் பேசு முனுசாமி."

"இன்னா பேசறது சார்?"

"உன் பிள்ளைங்க பேரைச் சொல்லு."

மேஸ்திரி உதட்டுக்குள் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எதிர் ஓரத்திலிருந்து சீஃப் கேட்டார்:

"ஏழு பேர்தானேயா வருது? போன வாரம் லீவு கேட்டப்போ எட்டுன்னியே?"

"ஒண்ணு இனிமேதான் சார் பொறக்கணும்."

"பொறக்காததுக்கும் சேத்து லீவா?"

சிரிப்பு அடங்கியதும் வேலை தொடங்கியது. மேஸ்திரி ஓர் இடத்தில் நின்று அந்த ஏழு பேரையும் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் சாக்பீஸோடு சுற்றி வந்து, பெயர்கள் தெளிவாகக் கேட்கும் இடங்களில் குறி போட்டோம். பிறகு அவர் ஐந்தடி உள்ளே தள்ளி நின்று சொன்னார். பிறகு எட்டடி. மாலைக்குள் தரையெல்லாம் வெள்ளைக் குறிகள். பார்த்தால் ஒரு விஷயம் தெரிந்தது. சுவரை ஒட்டிய வளையத்தில்தான் தொந்தரவு அதிகம். அங்கே சொன்னது தகட்டைத் தொட்டபடியே ஊர்ந்து சுற்றிப் போய்விடுகிறது. ஐந்தடி உள்ளே வந்தால் பாதி குறைகிறது.

அடுத்த நாள் காலையில் டீச்சர் தன் சர்ச்சிலிருந்து தென்னை நார்ப் பாய்களைக் கேட்டு வாங்கி வந்தார். நடைபாதையில் விரிக்கிற நீளமான பாய்கள். ஆள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கட்டினோம். காற்று வரும் வலைத் திறப்புகள் கீழே இருந்தபடியால், பாயைத் தகட்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டச் சொன்னார் சீஃப். இன்னும் குறைந்தது. ஆனால் போகவில்லை. மேஸ்திரி நடுவைப் பார்த்து நின்று பேசினால், பேச்சு மேலே போய் எதிர்த் தகட்டில் பட்டு இறங்கியது. ஏழில் மூன்று பெயர்கள் இன்னமும் கேட்டன.

இதற்குள் எனக்கு வேறொரு கவலை. ஐந்தடி வளையத்தைக் காலியாக விட்டால் மேசைகள் எங்கே போகும்? வழக்கம் போல எல்லா மேசைகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி நேர் வரிசையில் போட்டுப் பார்த்தேன். வட்டத்துக்குள் நேர் வரிசை என்றால் ஓரமெல்லாம் வீண். அறுபத்தெட்டு மேசைகள் பிடித்தன. மறுபடி போட்டேன். அறுபத்தெட்டுதான்.

"பதினெட்டு பேருக்கு இடம் இல்லை டீச்சர்" என்றேன். "அவங்களை மட்டும் பேட்டைக்கு..."

"யாரை?"

நான் மேசைகளைப் பார்த்தேன்.

"இல்ல, சொல்லுங்க சார். நீங்க எண்ணறதுல கெட்டிக்காரர். பதினெட்டு பேரை நீங்களே எண்ணி எடுங்க. நான் எடுக்க மாட்டேன். போன வருஷம் போகாதவங்கள்ல ஒருத்தி இப்போ என் வீட்டுத் தெருவுலதான் கையில குழந்தையோட நிக்கறா. தினம் எனக்கு குட்மார்னிங் டீச்சர்ங்கறா. அந்த மாதிரி இன்னும் பதினெட்டு குட்மார்னிங் எனக்கு வேண்டாம்."

சீஃப் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் டீச்சருக்கு ஆறுதல் சொல்லவில்லை. மேஸ்திரியைக் காலியான வளையத்தின் உள்விளிம்பில் ஒரு மேசையில் உட்கார வைத்தார். நடுவைப் பார்த்து, பக்கவாட்டில், மறுபக்கம் பக்கவாட்டில், கடைசியாகச் சுவரைப் பார்த்து என்று நாலு திசையிலும் திருப்பித் திருப்பிப் பெயர் சொல்லச் சொன்னார். சுவரைப் பார்த்து, நார்ப் பாய்க்கு நேராக மேஸ்திரி சொன்னபோது எதிர் ஓரத்தில் எனக்கு ஒரு பெயரும் கேட்கவில்லை. ஏதோ ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"எல்லா மேசையையும் திருப்பு" என்றார் சீஃப். "நடுவுக்கு முதுகு. நேர் வரிசை வேண்டாம். வட்ட வட்டமாப் போடு."

"எல்லாரும் சுவரைப் பாத்துக்கிட்டா சார்? கண்காணிப்பாளர்?"

"நடுவில். அவங்களுக்கு யார் தலை திரும்பினாலும் தெரியும். பொண்ணுங்களுக்கு அவங்க எங்கே பாக்கறாங்கன்னு தெரியாது."

வட்டமாகப் போட்டேன். வெளி வட்டத்தில் முப்பத்திரண்டு, அடுத்து இருபத்தைந்து, அடுத்து பதினெட்டு, உள்ளே பதினொன்று. வாசலிலிருந்து நடுவுக்கு ஒரு வழியும் விட முடிந்தது. கூட்டினால் எண்பத்தாறு. எனக்கே நம்பிக்கை வராமல் நடந்து போய் ஒவ்வொரு மேசையையும் தொட்டு எண்ணினேன். வட்டக் கட்டடத்தைக் கட்டிவிட்டு அதற்குள் சதுர அறைக்கான மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தோம். இந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. உங்கள் விளம்பரத் தாளில் உள்ள படத்தில்கூட நாற்காலிகள் நேர் வரிசையில்தான் இருக்கின்றன.

இன்னும் ஒரு முடிவு பாக்கி இருந்தது. வியாழக்கிழமை கூடத்தைக் காலியாகக் காட்டுவதா, பெண்களை உட்கார வைத்துக் காட்டுவதா? ஆட்கள் நிறைந்தால் எதிரொலி இன்னும் குறையும், அது நமக்குச் சாதகம். ஆனால் மையம் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டால் அது அத்தனை பேர் முன்னாலும் நடக்கும். சீஃப் முடிவை டீச்சரிடம் விட்டார். "எந்த நிலைமையில பயன்படுத்தப் போறோமோ அந்த நிலைமையிலதான் சோதிக்கணும்னு நான் சொல்வேன். ஆனா உங்க பொண்ணுங்க."

"உக்காரட்டும்" என்றார் டீச்சர். "என்ன ஆனாலும் நான் போய்த் தனியாச் சொல்ல வேண்டியதில்ல, பாருங்க."

அதிகாரி வந்து வாசலில் நின்றார். எண்பத்தாறு பெண்களும் அவருக்கு எந்த மரியாதையும் காட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இது என்னா அம்மா? எல்லாரும் என்மேல கோவமா?"

சீஃப் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்போ சத்தம் பூர்த்தி நின்னுபோச்சா?"

நான் சீஃபைப் பார்த்தேன். மேஸ்திரியும் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அநேகமாக அவர் நம்பியிருப்பார்.

"இல்லை சார்" என்றார் சீஃப். "சத்தம் வருது. வார்த்தை வரலை. நீங்களே சோதிச்சுப் பாக்கணும்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி ஒரு மேசை மேலிருந்த சரித்திரப் புத்தகத்தைப் புரட்டி வெளி வட்டத்தில் ஒரு பெண்ணிடம் கொடுத்தார். ஒரு பத்தியை, தோழிக்குச் சொல்வது போல ரகசியமாக வாசிக்கச் சொன்னார். குமாஸ்தாவை நேர் எதிரே இருந்த மேசையில் உட்கார வைத்து, கேட்பதை எழுதச் சொன்னார். பிறகு உள் வட்டத்தில் ஒருத்தி. பிறகு வாசல் பக்கம் ஒருத்தி. முதல் இரண்டு முறையும் குமாஸ்தாவின் தாள் வெள்ளையாக இருந்தது. மூன்றாவது முறை அவர் ஒரு சொல் எழுதியிருந்தார். அதிகாரி வாங்கிப் பார்த்தார்.

"சொப்பு அப்படீன்னு எழுதியிருக்கான். கீரை. சரித்திரத்துல ஏதம்மா கீரை?" என்று டீச்சரைக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "சும்னே எல்லாம் சரியாப் போச்சுன்னு நீங்க சொல்லியிருந்தா, நான் இன்னும் பத்து எடத்துல பாத்திருப்பேன். எங்கயாவது ஒண்ணு கிடைச்சிருக்கும். சரி அம்மா, மையம் இங்கயே."

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். எந்தக் கட்டடத்தையும் ஒப்படைக்கும் முன் அதற்குள் என்ன நடக்கப் போகிறதோ அதை ஒரு தடவை நடத்திப் பாருங்கள். ஆஸ்பத்திரி என்றால் படுத்துப் பாருங்கள். கிடங்கு என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். மணல் மூட்டை கட்டடத்தின் பலத்தை மட்டும்தான் சொல்லும். அப்புறம், மிச்சமிருக்கும் குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். நல்லவர் என்று பெயர் வாங்குவதற்காக அல்ல. எவ்வளவு மிச்சம் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதைச் சொல்லாவிட்டால் கேட்பவர் தன் பயத்தின் அளவுக்கு அதைப் பெரிதாக்கிக்கொள்வார்.

முதல் நாள் பரீட்சைக்கு நானும் சீஃபும் போயிருந்தோம். உச்சித் திறப்பில் ஏதாவது தகராறு வந்தால் பார்க்க வேண்டும் என்பது காரணம். வினாத்தாள் கொடுக்கும் வரை உள்ளே நிற்கலாம் என்றார்கள். மணி அடிக்கும் முன்பே பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் நடுவில் நின்றோம். சுற்றிலும் முதுகுகள்.

கிரேஸ் டீச்சர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பிசைந்துகொண்டிருந்தார். தலைமை ஆசிரியை பெண்களின் நடுவே போய் எண்ணிக்கொண்டிருந்தால் அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று தயங்கினார் போலிருக்கிறது.

"எத்தனை பேர்னு பாருங்க சார்" என்றார் என்னிடம்.

முகம் ஒன்றும் தெரியவில்லை. பின்னல்களை எண்ணினேன். நூற்றுக்கு மேல் போனது. திடுக்கிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி நூற்றுக்கு மேல்.

"என்னய்யா இவ்வளவு நேரம்?" என்றார் சீஃப்.

"கணக்கு அதிகமா வருது சார்."

டீச்சர் என் பார்வை போகும் இடத்தைப் பார்த்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

"இரட்டைப் பின்னல் சார். ரெண்டு ரெண்டா எண்ணறீங்க. தலையை எண்ணுங்க."

தலைகளை எண்ணினேன். வெளி வட்டம், அடுத்தது, அடுத்தது, உள்ளே. எந்த மேசையும் காலியில்லை. எண்பத்தாறு.